மறு உத்தரவு வரும் வரை

எங்கள் சந்தில் இருக்கும் அங்கன்வாடியை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தியை, அந்த வார்டின் உறுப்பினராகிய எனக்கு எதிர் வீட்டுப் பெண்தான் சொன்னாள். நான் விடிகாலை ஃபஜர் தொழுதுவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் இடுப்பில் பிள்ளையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக, ஷூ கம்பெனி வண்டிக்குக் கிளம்பி நின்றிருந்தாள்.

"இன்னா பாய், உங்களுக்குத் தெரியாமயா? நேத்து டேப்பு வெச்சி அளந்துட்டுப் போனாங்க. கட்டடத்த எடுத்துட்டு கடை கட்டப் போறாங்களாம். கேட்டா, எல்லாம் கவுன்சில்ல முடிவாயிடுச்சின்றாங்க."

"கவுன்சில்ல நானும்தானேம்மா இருக்கேன். அப்படி ஒண்ணும் வரலையே."

"அப்ப அவங்க பொய் சொல்றாங்களா, இல்ல நீங்க தூங்கிட்டீங்களா?"

தெருமுனையில் ஹாரன் கேட்டது. பதிலுக்குக் காத்திராமல் அவள் அங்கன்வாடிப் பக்கம் ஓடினாள். நான் ஒரு கால் செருப்போடு நின்றேன்.

அவள் பதறியதற்குக் காரணம் உண்டு. கணவன் இறந்து போனபின் அவளும் அந்த மூன்று வயதுப் பெண் குழந்தையும்தான். ஷூவின் மேல்பாகம் தைக்கும் வரிசையில் மெஷின் ஓட்டுகிறாள். கம்பெனி வண்டி விடிந்த சூட்டோடு வந்துவிடும். அங்கன்வாடி திறக்க வேண்டிய நேரமோ அதற்கு வெகு நேரம் கழித்து. ஆனால் அங்கே சமையல் செய்யும் அம்மா எங்கள் சந்திலேயே குடியிருப்பவர். சாவியை அவரே வைத்திருப்பதால், வண்டிக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளை முன்கூட்டியே வாங்கி உட்கார வைத்துக்கொள்வார். எந்தச் சட்டத்திலும் எழுதாத ஏற்பாடு. அதை நம்பித்தான் எங்கள் சந்தில் பல வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்தக் கட்டடம் நகராட்சிக்குச் சொந்தம். அதை எடுத்துவிட்டால் அங்கன்வாடி பெங்களூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்தின் ஒரு அறைக்குப் போகும். லாரியும் பஸ்ஸும் பறக்கும் அந்த ரோட்டைப் பிள்ளையோடு தாண்டி, அங்கே கதவு திறக்கும்வரை நின்று, திரும்பி வந்தால் வண்டியும் இருக்காது, வேலையும் இருக்காது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தோல் கம்பெனியில் செலெக்ஷன் வேலை. பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்து, கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாம் பார்த்து, ரகம் பிரித்து அடுக்குவது. கட்சி எதிலும் இல்லை. எங்கள் ஊரில் சில வருஷம் நகராட்சித் தேர்தலே நடக்காமல் இருந்தது. மன்றமும் இல்லை, உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர் ஒருவரே எல்லாம். கால்வாய் அடைத்தால் அவர், விளக்கு எரியாவிட்டால் அவர். அவரும் மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எங்கள் சந்தைப் பார்த்ததே இல்லை. தேர்தல் அறிவித்ததும் ஜமாஅத்தில் சிலரும், பக்கத்துத் தெரு அண்ணாச்சியும், சர்ச் தெருவிலிருந்து இரண்டு பேரும் வந்து, "நீ நில்லு, கேக்குறதுக்கு ஒரு ஆளாவது வேணும்" என்றார்கள். நின்றேன். அல்லாஹ்வின் கிருபையில் ஜெயித்தேன். எந்தக் காரியத்தையும் கலந்து பேசிச் செய்யுங்கள் என்பது எங்கள் மார்க்கத்தில் சொல்லப்பட்டது, மஷூரா என்போம். அதற்கென்றே ஊருக்கு ஒரு இடம் திரும்பக் கிடைத்திருக்கிறது என்று அன்றைக்கு நான் நினைத்த நினைப்பு கொஞ்சமல்ல. வாணியம்பாடியிலிருந்து வந்தவள் என் மனைவி. எதையும் லேசில் நம்ப மாட்டாள். "உறுப்பினர்னு போர்டு மாட்டிக்குங்க. நம்ம வீட்டுக் குழாய்ல தண்ணி வருதான்னு அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

அன்று கம்பெனியில் அரை நாள் சொல்லிவிட்டு நகராட்சிக்குப் போனேன். பிரிவில் இருந்தவர் மரியாதையாக நாற்காலி போட்டார்.

"அது முன் அனுமதியில போயிடுச்சுங்க" என்றார்.

"அப்படின்னா?"

"அவசரமான வேலைன்னா தலைவர்கிட்ட முன்னாடியே அனுமதி வாங்கிக்கலாம். டெண்டர் ஆயிடுச்சு. வேலை உத்தரவும் குடுத்தாச்சு. அடுத்த கூட்டத்துல உங்க பார்வைக்கு வரும்."

"அங்கன்வாடிய இடிக்கிறதுல இன்னா அவசரம்?"

அவர் மேலே மின்விசிறியைக் காட்டினார். மேலிடம் என்று அர்த்தம் என நான் எடுத்துக்கொண்டேன்.

நகர்மன்றத் தலைவரை நான் தேடிப் போக வேண்டியதில்லை. அவரும் எங்கள் மஸ்ஜிதில்தான் தொழுகிறவர். தோல் வியாபாரம், வசதியானவர், கெட்ட மனிதர் இல்லை. ரமளானில் எங்கள் சந்துக்குக் கஞ்சி அரிசி அவர் வீட்டிலிருந்துதான் வரும். அன்று சாயங்காலம் அஸர் தொழுகையில் எனக்குப் பக்கத்திலேயே தோளோடு தோள் நின்றார். வெளியே வந்து செருப்புப் போடும்போது பேச்சைத் தொடங்கினேன்.

"அங்கன்வாடிதானே?" என்று அவரே முந்திக்கொண்டார். "வீட்ல சோத்துல கை வெச்சாலும் அதையேதான் கேக்குறாங்க."

"மன்றத்துக்கு வராமலே அனுமதி குடுத்துட்டீங்களே, பாய்."

"நான் எங்க குடுத்தேன்? கொண்டாந்து வெச்சாங்க, போட்டேன். நிதி மேலேர்ந்து வந்திருக்கு. சீக்கிரம் வேலை ஆரம்பிக்கலன்னா திரும்பப் போய்டும். கூட்டத்துல வெச்சா நீங்க ஒண்ணு சொல்வீங்க, அவர் ஒண்ணு சொல்வாரு, மைக்கைப் புடுங்குவாங்க. ஊருக்கு ஒரு வேலை நடக்குமா?"

"தொழுகையில முன்னால நிக்கிற இமாம் ஒரு ரக்அத்தை மறந்துட்டா, பின்னால நிக்கிற கூலிக்காரன்கூட சுப்ஹானல்லாஹ்னு சத்தம் குடுக்குறான். எவ்ளோ பெரிய ஆலிமா இருந்தாலும் அவரு திருத்திக்கிறாரு. இங்க அந்தச் சத்தம் குடுக்கக்கூட எங்களுக்கு வழி இல்லையே?"

தலைவர் சிரித்துக்கொண்டே என் தோளில் கை போட்டார். "வழி இருக்கு. ஆனா இமாமுக்கு முந்தி ருக்கூவுக்குக் குனியக் கூடாதே, தோஸ்த்!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், நல்ல பதில்தான். வீட்டுக்கு நடக்கும்போதுதான் வேறொன்று உறைத்தது. கொண்டாந்து வெச்சாங்க, போட்டேன் என்றாரே. அப்படியானால் அவரும் முன்னால் நிற்பவர் இல்லை. என்னைப் போலப் பின் வரிசையில் நிற்பவர்தான். முன்னால் நிற்பவர் யார் என்று அவருக்கே சரியாகத் தெரியுமா என்பது சந்தேகமாகிவிட்டது.

கூட்டம் வந்தது. கூட்டப் பொருள் என்று ஒரு தடித்த கட்டு முதல் நாள்தான் வீட்டுக்கு வரும். அதன் தமிழ் எனக்கு மட்டுமல்ல, என் மகன் கல்லூரிக்குப் போனவன், அவனுக்கும் மெதுவாகத்தான் புரியும். இருவரும் உட்கார்ந்து தேடினோம். எங்கள் அங்கன்வாடி கடைசிப் பக்கங்களில் இருந்தது. "மன்றத்தின் பதிவுக்கு" என்று முடித்திருந்தார்கள்.

எங்கள் மன்றத்தில் ஒரு பழக்கம் உண்டு. பொருள்களை ஒன்றொன்றாக எடுத்துப் பேச மாட்டார்கள். எழுத்தர் எண்களை மட்டும் வாசித்துக்கொண்டே போவார். நடுவில் யாராவது "ஆல் பாஸ்" என்று குரல் கொடுப்பார்கள். மேஜையைத் தட்டுவார்கள். முடிந்தது. அன்று எங்கள் எண் வருவதற்குள் எழுந்து நின்றுகொண்டேன்.

"பதிவுக்குன்னு போட்டிருக்கே, அப்படின்னா இன்னாங்க அர்த்தம்?"

ஆணையாளர் இளவயதுக்காரர். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாதவர். "உங்க தகவலுக்கு, சார். இதுக்கு வாக்கெடுப்பு கிடையாது."

"வேணாம்னு சொல்லணும்னா எங்க சொல்றது?"

"இந்தப் பொருள்ல அதுக்கு இடமில்லைங்க."

"நான் தோல் ரகம் பிரிக்கிறவன், சார். சரக்கு கன்டெய்னர்ல ஏறி துறைமுகத்துக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, தோலைப் பாருன்னா நான் இன்னாத்தைப் பாப்பேன்?"

அவையில் பாதிப் பேருக்குத் தோல் தெரியும். சிரிப்பு கிளம்பியது. எதிர் வரிசையிலிருந்து ஒருவர், "பாய், இது உங்க தோல் மண்டி இல்ல, நகர்மன்றம்!" என்றார். இன்னொருவர், "ரகம் பிரிச்சா நம்மள்ல பாதிப் பேர் கழிவுல போய்டுவோம், உட்காருங்க" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கத்து வார்டுப் பெண் உறுப்பினர் ஒருவர் மட்டும் சிரிக்காமல், "அவரு கேக்குறது நியாயந்தானே, பதில் சொல்லுங்க" என்றார்.

நான் விடவில்லை. காலையில் வண்டிக்குப் போகிற பெண்களைப் பற்றி, சமையல் அம்மா வைத்திருக்கும் சாவியைப் பற்றி, பெங்களூர் ரோட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அந்த அம்மாவின் சாவி வரைக்கும்தான் வந்திருப்பேன். "ஆல் பாஸ், ஆல் பாஸ்" என்று இரண்டு பக்கத்திலும் மேஜை தட்டினார்கள். தலைவர் மணியை அடித்தார். தேசிய கீதம் ஒலிக்க ஆரம்பித்தது.

தேசிய கீதத்துக்கு நடுவில் பேசக் கூடாது. என் வாயில் பாதி வாக்கியம் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, கைகளைத் தொடையோடு ஒட்டி, எல்லோரையும் போல நிமிர்ந்து நின்றேன். அது முடிந்தபோது கூட்டமும் முடிந்திருந்தது. வெளியே கேசரியும் வடையும் வைத்திருந்தார்கள்.

நடந்ததை அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. ஆனாலும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "நீங்க கேட்டீங்க இல்ல, அது போதும் பாய்" என்றாள். போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள். சந்தில் இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறை கேட்கும் நாளுக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் சந்தே அமளியாக இருந்தது. அவள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னாள்.

"கலெக்டரு பிள்ளையைப் பாத்தாரு பாய். 'காலைல எத்தன மணிக்கு எழுந்துக்குற'ன்னு அதுகிட்டயே கேட்டாரு. இது வாயே தொறக்கல, அவரு மேஜைல இருந்த பேனாவைப் புடுங்கிக்கிச்சு. அப்புறம் போனைப் போட்டாரு. அந்தப் பக்கம் யாருன்னு தெரியல, 'சரிங்க சார், சரிங்க சார்'னு இங்கவரைக்கும் கேக்குது. அஞ்சு நிமிஷம்கூட ஆகல!"

மறுநாளே ஆணை வந்துவிட்டது. மறு உத்தரவு வரும் வரை அங்கன்வாடி தற்போதைய கட்டடத்திலேயே இயங்கலாம். மண் கொத்த வந்திருந்த இயந்திரம் திரும்பிப் போனது. பிள்ளைகள் அதன் பின்னால் கத்திக்கொண்டே ஓடினார்கள். அந்தப் பெண் ஒரு தட்டில் பாதுஷா எடுத்து வந்தாள்.

"உங்களை எதுக்கு பேஜார் பண்ணேன்னு இருக்குது பாய். மொதல்லயே நேரா அங்க போயிருந்தா ஒரே லீவோட முடிஞ்சிருக்கும்."

"அதானே!" என்றாள் என் மனைவி, பாதுஷாவைக் கடித்துக்கொண்டே. "இவருக்கும் அந்த அரை நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும்."

நானும் சிரித்தேன். அன்று இரவு இஷா தொழுகையில் மனப்பூர்வமாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். அந்தக் குழந்தை அதே பாயில், அதே சமையல் அம்மாவின் பக்கத்தில் காலையில் உட்காரும். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? ஆனால் ஸஜ்தாவில் நெற்றியை வைத்திருக்கும்போதே ஏதோ குத்தியது. இரண்டு உத்தரவும் ஒரே மாதிரிதானே வந்தன? ஒன்று எங்களைக் கேட்காமல் இடிக்கச் சொன்னது. இன்னொன்று எங்களைக் கேட்காமல் நிறுத்தச் சொன்னது. இரண்டாவது நல்லதாக இருந்ததற்குக் காரணம், அன்று அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்ததுதான். அவருக்கு அன்று தலைவலி இருந்திருந்தால்? அந்தக் குழந்தை அழுது அடம் பிடித்திருந்தால்?

நகர்மன்றத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்று நினைத்தேன். இந்தக் கட்டடம் அங்கன்வாடிக்கே என்று உறுப்பினர்கள் கை தூக்கி முடிவு செய்துவிட்டால், நாளைக்கு யாரும் சும்மா எடுக்க முடியாது. எடுப்பதாக இருந்தாலும் எங்களைக் கேட்டு எடுக்கட்டும். மகனைக் கொண்டு எழுத வைத்தேன். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"வேணாம் பாய். கெஞ்சிக் கேக்குறேன். ஆணையாளரே கம்முனு போய்ட்டாரு. இப்ப நீங்க போய் மறுபடியும் கெளப்பினா அவங்களுக்கு ரோஷம் வந்துடும். கலெக்டர்கிட்ட போய் இன்னாத்தையாவது சொல்லிவெச்சா இருக்குறதும் போய்டும். உங்களுக்கு இது கவுன்சிலு. எனக்கு இது சோறு."

தீர்மானம் என்னுடைய ஆசை. பிள்ளை அவளுடையது. எழுதியதை அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்து வந்த கூட்டங்களில் எண்களை வாசித்தார்கள், மேஜை தட்டினார்கள், நான் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு எங்கள் வார்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. கால்வாய் அடைப்பு, ரேஷன் கார்டு, குடிதண்ணீர் என்று என் வீட்டுக்கு வருவது கம்மியானது. வந்தவர்களும், "பாய், கலெக்டர் ஆபீஸுக்கு எந்த பஸ்ல போனா வாசல்லயே நிக்கும்?" என்று கேட்கத்தான் வந்தார்கள். நான் பஸ் சொல்லி அனுப்பினேன். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. காரியம் நடக்கும் கதவை மனிதர்கள் தட்டுவார்கள். ஆனால் ஒரு சந்தே அப்படி ஒரே கதவைப் பார்த்துத் திரும்பி நிற்பதைப் பார்க்கப் பயமாக இருந்தது. தனி அலுவலர் காலத்தில் மன்றம் இல்லாமல் இருந்தோம். இப்போது மன்றம் இருக்கும்போதே அப்படி இருக்கிறோம். முன்பு மன்றம் இல்லை, அதுதான் குறை என்று சொல்லவாவது முடிந்தது.

போன மாதம் மாவட்ட ஆட்சியர்களை மாற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். எங்கள் ஆட்சியரின் பெயரும் அதில் இருந்தது. மறுநாள் காலை அவள் வாசலில் நின்றாள். பிள்ளை அவள் சேலை முந்தானையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"புதுசா வர்றவங்க எப்படி பாய்? நல்லவங்களா?"

"தெரியலம்மா."

"நம்ம ஆர்டரு நிக்குமா? இல்ல, திரும்பப் போய் பிள்ளையைக் காட்டணுமா?"

"மறு உத்தரவு வரும் வரைன்னு போட்டிருக்கு. அவங்க நெனச்சா மாத்தலாம்."

தெருமுனையில் ஹாரன் அடித்தும் நகரவில்லை. பிறகு, "அன்னைக்கு ஒரு தீர்மானம் எழுதி வெச்சிருந்தீங்களே பாய். நான்தான் வேணாம்னேன். இப்ப அதைப் போட்டா?" என்று கேட்டாள்.

"போடலாம். ஜெயிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"அவங்களுக்கு ரோஷம் வந்தா?"

"வரலாம்."

"போடுங்க" என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தீர்மானத்தை வழிமொழிய இன்னொரு உறுப்பினர் வேண்டும். கூட்டத்தில் எனக்காகப் பேசிய, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கத்துப் பெண் உறுப்பினரைப் பார்க்கப் போனேன். அவர் மாவு மில் நடத்துகிறார். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்ததால் நான் தும்மிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தார்.

"இது தோத்துடும், அண்ணே."

"தோக்கட்டும்மா. ஆனா ஆல் பாஸ்ல போகக் கூடாது. வேணும்னு எத்தன பேர், வேணாம்னு எத்தன பேர்னு எண்ணட்டும். வேணாம்னு கை தூக்குறவங்க அந்தப் பொண்ணுங்க முன்னாடி தூக்கட்டும்."

"வேணும்னு நாம ரெண்டே பேர்தான்னா?"

"ரெண்டுன்னு எழுதட்டும்."

அவர் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். காகிதத்தின் ஓரத்தில் மிளகாய்த் தூள் ஒட்டிக்கொண்டது. "கூட்டம் என்னைக்காம்?" என்று கேட்டார்.

நான் வரும் வழியிலேயே நகராட்சியில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இந்த மாதக் கூட்டத்துக்கு இன்னும் தேதி போடவில்லை. புது ஆட்சியர் பொறுப்பேற்று, நகராட்சியை ஒருமுறை ஆய்வு செய்துவிட்டுப் போகட்டும், அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

"யாரு சொன்னாங்களாம்?"

"அது அவங்களுக்கும் தெரியல."

அவர் மெஷினைத் திரும்பப் போட்டார். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை. நான் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லைனைத் தாண்டி வீட்டுக்கு நடந்தேன். இன்றைக்கும் அங்கன்வாடி திறந்திருக்கிறது. தினமும் ஃபஜருக்குப் பிறகு அந்தக் குழந்தைக்காகத் துஆ செய்கிறேன். முகம் தெரியாத அந்தப் புது ஆட்சியருக்காகவும் செய்கிறேன். அவருடைய மனம் நல்லபடியாக இருக்க வேண்டும், யா அல்லாஹ். கூட்டத்துக்கு ஒரு தேதியும் சீக்கிரம் வர வேண்டும்.